சாராளின் பொருத்தனை மணி

சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனிலிருந்து கம்பெனிகளுக்குப் போகிற ரோட்டில் சாராள் மெஸ்ஸைத் தெரியாத ஆள் கிடையாது. காலை ஷிஃப்டுக்கு ஓடுகிற பையன்கள் நின்றவாக்கிலேயே பொங்கலை விழுங்கிவிட்டுப் போவார்கள். சாம்பார் இன்னொரு கரண்டி கேட்டால் முகம் சுளிக்காமல் ஊற்றுவாள். தட்டில் மீதி வைத்தால் மட்டும் அன்றைக்கு அவனுக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம். இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்களில் அந்த மெஸ்ஸில் கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில், கோணி போட்டு மூடிய ஒரு சாமான் வந்து உட்கார்ந்தது. பையன்கள் அதன்மேல் ஹெல்மெட்டை வைத்தார்கள். சாராள் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"எட்றா அத. கோயில் சாமான்டா அது."

கோணிக்குள் இருந்தது வெண்கல மணி. பாரிமுனையில் கடை கடையாக ஏறி இறங்கி, தட்டித் தட்டிச் சத்தம் பார்த்து, கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு உட்காரும் வரை விடாமல் பார்த்து வாங்கியது. கோயிலுக்கு மணி தருவதாக அவள் பொருத்தனை செய்திருந்தாள். கேட்டது நடந்த பிறகு கொடுப்பதுதான் பொருத்தனை. கேட்டது இன்னும் நடக்கவில்லை. ஆனால் நடக்கும் என்பதில் சாராளுக்குத் துளியும் சந்தேகம் இல்லாததால் முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டாள். அவள் கேட்டது இதுதான்: கேசவன் என்கிறவனுக்குத் தூக்குத் தண்டனை.

சாராளுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவள் அப்பா, அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டுக் களை பறித்துக் காலம் தள்ளியவர்கள். அம்மா போனபோது தம்பி ஏசுதாஸுக்கு நடை கூடச் சரியாக வரவில்லை. இவளே சின்னப் பெண். அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டே கழனிக்கும் போனாள், கோயிலுக்கும் போனாள். பள்ளிக்கூடம் மட்டும் போகவில்லை, அவனைப் போக வைத்தாள். பிறகு சித்தாள் வேலை, அப்புறம் ஒரு கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிற வேலை, அதே கேன்டீனில் சமையல். அடுத்தவன் அடுப்பை எத்தனை நாள் ஊதுவது என்று ஒரு நாள் கரண்டியை வைத்துவிட்டு வந்து, மறுவாரமே சொந்தமாக மெஸ் போட்டாள். அவள் முடிவெடுக்கிற விதம் அப்படித்தான். யோசிப்பது தெரியாது, முடித்துவிட்டு வந்து நிற்பது மட்டும் தெரியும். புருஷன் அமைதியான மனுஷன், மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். பிள்ளை இல்லை. யாராவது கேட்டால், "எனுக்கு ஒரு பையன் கீறான், புதுப்பட்டினத்துல மேஸ்திரியா கீறான்" என்பாள். அது தம்பி.

ஏசுதாஸ் வீடு கட்டுகிற மேஸ்திரி. புதுப்பட்டினத்தில் புதிதாக எழும்புகிற வீடுகளில் பாதி தன் கைபட்டது என்று அவன் சொல்லிக்கொள்வான். அக்கா அதை எல்லா வீடும் என்று திருத்திச் சொல்வாள். மனைவி மேரி வீட்டிலேயே தையல் தைத்தாள். அவ்வளவு தூரம் குடிபோன பிறகும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அக்காவின் கோயிலுக்குத்தான் இரண்டு பேரும் பைக்கில் வருவார்கள். வண்டி ஹேண்டிலில் அன்று கரைக்கு வந்த மீன் ஒரு பையில் தொங்கும்.

அந்தக் கோயிலுக்கு மணி கிடையாது. வாசல் புங்கமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள், இரும்புக் கம்பியால் அதை அடிப்பதுதான் மணி. அடிக்கிற வேலையை ஏசுதாஸ் யாரும் சொல்லாமலே எடுத்துக்கொண்டிருந்தான். வண்டியை நிறுத்தி, கம்பியை எடுத்து நாலு அடி அடிப்பான். அதற்குள் எங்கிருந்தோ ஒரு பூனை வந்து மீன் பைக்குத் தாவும். உள்ளே ஜன்னலோரம் பாயில் உட்கார்ந்திருக்கும் ஆதியம்மாள், கோயில் என்றும் பார்க்காமல், "ஏ ஏசுதாசு, பூனை" என்று குரல் கொடுப்பாள். மணி நின்றுவிடும். பூனையை விரட்டிவிட்டு வந்து மீதியை அடிப்பான். எத்தனையோ வருடமாக அந்தத் தெருவில் கோயில் மணி அப்படித்தான் அடித்தது. நாலு அடி, ஒரு பூனை ஓடுகிற நேரம், பிறகு மீதி. பாஸ்டர்கள் மாறி மாறி வந்து சொல்லிப் பார்த்தார்கள். மீனும் நிற்கவில்லை, பூனையும் நிற்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கவே இல்லை. சாராள் போன் மேல் போன் போட்டாள். எடுத்தது போலீஸ்காரர்.

முந்தின நாள் சாயங்காலம் கேசவன் புதுப்பட்டினத்து வீட்டுக்குப் போயிருக்கிறான். ஏசுதாஸிடம் கொத்தனார் வேலை பார்த்தவன், மேரி கையால் எத்தனையோ முறை சோறு வாங்கித் தின்றவன். மேரியின் தாலிச் செயினுக்கும் நாலு வளையலுக்கும் ஆசைப்பட்டு இரண்டு பேரையும் கொன்றுபோட்டான். அந்த வாரத்துக்குள்ளேயே பிடித்துவிட்டார்கள், செயின் அவன் இடுப்பிலேயே இருந்தது. சாராள் மார்ச்சுவரி வாசலில் அழவில்லை. சுற்றி நின்றவர்களுக்கு அதுதான் பயமாக இருந்தது.

அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு, சாட்சி சொல்கிற நேரத்தில் அவள் எழுந்தாள். பிள்ளை பிறந்ததற்கு, வேலை கிடைத்ததற்கு, விபத்தில் தப்பியதற்கு என்று ஒவ்வொருவரும் எழுந்து நன்றி சொல்கிற நேரம் அது. இவள் பீடத்தைப் பார்த்துப் பொருத்தனை செய்தாள். என் தம்பியைக் கொன்றவனுக்குத் தூக்கு என்று கோர்ட்டில் சொல்லட்டும், இந்தக் கோயிலுக்கு வெண்கல மணி என் செலவு. அப்போதிருந்த பாஸ்டர் ஒரு கணம் விழித்தார். ஆனால் சபையார் மொத்தமும் "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்ட பிறகு அவரால் என்ன செய்ய முடியும். அன்றையிலிருந்து கேசவனின் தூக்கு சபையின் ஜெபக்குறிப்பாக ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, காய்ச்சல்காரருக்கும் பரீட்சைக்காரருக்கும் ஜெபித்துவிட்டு, அதே மூச்சில் இதற்கும் ஜெபித்தார்கள்.

வழக்கு செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட்டில் நடந்தது. ஒரு வாய்தா விடாமல் சாராள் மெஸ்ஸைப் பூட்டிவிட்டுப் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். கேசவன் அவள் பக்கம் திரும்பவே மாட்டான். இவள் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பாள். இந்த வருடம் உபவாச நாட்கள் ஆரம்பித்த சமயம் நீதிபதி அவன் குற்றவாளி என்று சொன்னார். என்ன தண்டனை என்பதை இரண்டு தரப்பையும் கேட்டு இன்னொரு நாள் சொல்வதாகத் தள்ளி வைத்தார். அரசு வக்கீல் வெளியே வந்து, தூக்குத்தான் கேட்கப் போகிறோம், அன்றைக்கு ஜட்ஜ் குடும்பத்தையும் ஒரு வார்த்தை கேட்பார், தெம்பாகப் பேசுங்கள் என்றார். சாராளிடம் தெம்பைப் பற்றி ஒருவர் சொல்வதாவது. அவள் நேரே ரயிலேறிப் பாரிமுனைக்குப் போய் மணியைப் பார்த்தாள். மணியில் என்ன பெயர் பொறிக்க என்று கடைக்காரர் கேட்டார். "சாராள்னு போடு, பெருசா போடு" என்றாள்.

மணி மெஸ்ஸுக்கு வந்து சேர்ந்த மறுநாள் மதியம் பாஸ்டரம்மாவும் வந்து சேர்ந்தாள். ஜெனிஃபர் அந்தச் சபைக்குப் பாஸ்டராக மாற்றலாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கூடுவாஞ்சேரிப் பெண், சாராளுக்கு மகள் வயது. கூட்டம் கலைகிற வரை ஓரமாக உட்கார்ந்து மோர் குடித்தாள். பிறகு கோணியைப் பார்த்தபடி, இந்த மணியைக் கோயிலில் மாட்ட என்னால் முடியாது அக்கா என்றாள்.

சாராளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இருந்தாலும் பாஸ்டரம்மா என்கிற மரியாதைக்குக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள். வேதத்தில் இல்லாததையா நான் கேட்டேன் என்று ஆரம்பித்தாள். கொன்றவன் உயிருக்கு உயிர் தரவேண்டும் என்று நோவாவிடம் சொன்னது யார், அரசாங்கத்தின் கையில் பட்டயம் என்கிற வாள் சும்மாவா இருக்கிறது என்று எழுதி வைத்தது யார். இதெல்லாம் சபைப் பொருளாளர் கலைவாணன் அவளுக்கு எடுத்துக் கொடுத்த வசனங்கள். கலைவாணனுக்கு மணி வேண்டும், அதனால் வசனத்துக்குப் பஞ்சமில்லை.

ஜெனிஃபர் காயீனைச் சொன்னாள். முதல் கொலை, அதுவும் தம்பியைக் கொன்ற கொலை, அவனை யாரும் கொன்றுவிடக் கூடாது என்று ஆண்டவரே அடையாளம் போட்டு அனுப்பினாரே என்றாள். சாராள் விடவில்லை. அவள் வருடா வருடம் பெரிய வெள்ளி ஆராதனையில் எழுந்து ஆண்டவரோடு சிலுவையில் தொங்கிய கள்ளனைப் பற்றிப் பேசுகிறவள். அந்த இடம் அவளுக்கு மனப்பாடம்.

"பக்கத்துல தொங்குனானே கள்ளன், அவன் இன்னா சொன்னான்? நாம செஞ்சதுக்கு இது சரிதான்னு அவனே ஒத்துகினான். பரதீசு தரேன்னாரு ஆண்டவரு. சிலுவைய வுட்டு எறக்கி வுட்டாரா? வுடலையே. கேசவனும் பரதீசுக்குப் போவட்டும், நான் வேணாங்கலை. தொங்கிட்டுப் போவட்டும்."

ஜெனிஃபர் கையிலிருந்த மோர் டம்ளரை உருட்டினாள். சாராள் ஜெயித்துவிட்டதாக நினைத்துத் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"அதுக்கு எனக்குப் பதில் தெரியலை அக்கா" என்றாள் ஜெனிஃபர். "ஆனா அன்னைக்கு மூணு பேரைத் தூக்கிக் கட்டினாங்க. நம்ம ஆண்டவருக்கும் கோர்ட்டுல தீர்ப்பு சொல்லித்தான் கட்டினாங்க. கீழே நின்ன கூட்டத்துல ஒருத்தி, இவன் செத்தா நான் கோயிலுக்கு மணி வாங்கித் தரேன்னு சொல்லியிருந்தா, அந்த மணியை இன்னைக்கு நாம அடிப்போமா? அது மட்டும்தான் எனக்கு ஓடிக்கிட்டே இருக்கு."

சாராள் மோர் டம்ளரைக் கையிலிருந்து வாங்கி, கழுவுகிற தொட்டியில் கொஞ்சம் சத்தமாகவே போட்டாள். பாஸ்டரம்மா போன பிறகு, நேற்றுப் படித்து முடித்து வந்த பெண் எனக்குப் பாடம் சொல்கிறாள் என்று அடுப்பிடம் புலம்பினாள். அவள் மனசு ஒரு இம்மிகூட நகரவில்லை. கலைவாணனிடம் சொல்லி, கமிட்டியைக் கூட்டி, பாஸ்டரம்மாவை மீறியாவது ஈஸ்டருக்கு மணியை ஏற்றிவிடுவது என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். உபவாசம் முடிகிற மத்தியானம் எல்லோருக்கும் கஞ்சி ஊற்றுவது சாராளின் பொறுப்பு. கோயிலுக்குப் பின்பக்கம் அடுப்பு மூட்டி, அண்டாவைக் கிண்டிக்கொண்டே ஜன்னல் வழியாக ஜெபத்தில் சேர்ந்துகொள்வாள். உள்ளே ஆதியம்மாள் ஆரம்பித்தாள். ஆதியம்மாள் ஜெபித்தால் ஆண்டவர் எதிரில் பாயில் உட்கார்ந்திருப்பது போலப் பேசுவாள்.

"சாமி, அந்தப் பாவிக்குச் சீக்கிரமா தூக்கு குடுத்துரு சாமி. வாய்தா கீய்தா வாணாம். ஈஸ்டருக்குப் புது மணி அடிக்கணும், நாங்கல்லாம் ஆசையா கீறோம். அதுக்குள்ள தீர்ப்ப வரவச்சிரு."

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். சாராளும் அடுப்படியிலிருந்து சொன்னாள். அடுத்த பெண், மணி சத்தம் ரயில்வே லைன் தாண்டியும் கேட்கவேண்டும் என்று ஜெபித்தாள். அதற்கடுத்தவள், தண்டவாளத் துண்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒழுங்கான கோபுரம் ஒன்றும் கட்டித் தரும்படி கேட்டாள். கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. சாராள் எதற்கோ காத்திருந்தாள். எதற்கு என்று அவளுக்கே முதலில் பிடிபடவில்லை. கடைசி ஜெபமும் முடிந்து எல்லோரும் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டபோதுதான் தெரிந்தது. ஆரம்பத்தில் இவர்கள் "எங்க சகோதரன் ஏசுதாஸ், சகோதரி மேரி" என்று பெயர் சொல்லி அழுது ஜெபித்தவர்கள். இன்றைக்கு ஒருத்தி வாயிலும் அந்தப் பெயர் வரவில்லை. போன வாரமும் வரவில்லை. அதற்கு முந்தின வாரம் வந்ததா என்று நினைத்துப் பார்த்தாள், நினைவில்லை.

கரண்டியோடு உள்ளே வந்து நின்று கேட்டாள்.

"மணிக்காவத்தான் ஜெபம் பண்றீங்களா? என் தம்பி பேர ஒருத்தரும் சொல்லலையே."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஆதியம்மாளுக்கு மட்டும் பேச்சு நிற்காது. அவள் மனசில் கள்ளமும் கிடையாது.

"நீ சொல்றியா சாரா? ரெண்டு வருசமா நீ கேசவன் பேரத்தானே சொல்லிகினு கீற. நீ சொல்றதத்தான் நாங்களும் சொல்றோம்."

சாராள் திரும்பிப் போய்க் கஞ்சியை ஊற்றினாள். எல்லோருக்கும் ஊற்றிவிட்டுத் தனக்கு ஊற்றிக்கொள்ளாமல் மெஸ்ஸுக்கு நடந்தாள். பொய் சொல்கிறாள் கிழவி என்று வழியெல்லாம் வைதாள். பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. ஷட்டரை ஏற்றி, நேரே போய்க் கோணியை இழுத்துப் போட்டாள்.

மணி பளபளவென்றுதான் இருந்தது. அதன் வயிற்றில் பெரிய எழுத்தில் சாராள் என்று இருந்தது. கீழே பார்த்தாள், சுற்றிப் பின்பக்கம் பார்த்தாள், குனிந்து உள்ளேகூடப் பார்த்தாள். ஏசுதாஸ் இல்லை. மேரி இல்லை. கடைக்காரர் கேட்டபோது தம்பி பெயர் தன் நாக்கில் வரவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. யாரும் மறக்கச் சொல்லவில்லை. கேசவனோடு விழித்து, கேசவனோடு சாப்பிட்டு, கேசவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்ததில், இடுப்பில் தூக்கி வளர்த்தவனுக்கு அவளிடம் இடமில்லாமல் போய்விட்டது. மார்ச்சுவரி வாசலில் வராத அழுகை அன்றைக்குக் கை கழுவுகிற இடத்தில் வந்தது. மணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். சாயங்கால ஷிஃப்டுக்கு முன் டீ குடிக்க வந்த இரண்டு பையன்கள் அதைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனார்கள்.

அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, பாஸ்டரம்மா சொன்னதை ஒரு முறை யோசித்தாள். சிலுவைக்குக் கீழே கூட்டத்தில் நின்றவள் கையில் எந்த மணி இருந்திருக்கும் என்று பார்த்தால், இதே மணிதான் இருந்தது. அப்புறம் அவள் அதிகம் யோசிக்கவில்லை. கேன்டீனில் கரண்டியை வைத்துவிட்டு வந்த நாள் மாதிரியே முடிவு வந்துவிட்டது. மணியை வேனில் ஏற்றிப் பாரிமுனைக்கே திருப்பி எடுத்துப் போனாள்.

தண்டனை சொல்கிற நாள் வந்தது. கலைவாணனும் சபையிலிருந்து நாலைந்து பேரும் ஒரு வேன் பிடித்துச் செங்கல்பட்டு கோர்ட்டுக்கு வந்திருந்தார்கள். அரசு வக்கீல் கொலை நடந்த விதத்தை மறுபடி சொல்லித் தூக்குக் கேட்டார். கேசவனுடைய வக்கீல் அவன் வயதைச் சொன்னார், முன்பு எந்த வழக்கும் இல்லை என்றார். பிறகு நீதிபதி, இறந்தவரின் அக்கா ஏதாவது சொல்ல விரும்பினால் சொல்லலாம் என்றார். சாராள் எழுந்து முன்னால் போனாள். கும்பிட்டாள்.

"ஐயா, என் தம்பி பேரு ஏசுதாஸ். அவன் பொண்டாட்டி மேரி. ரெண்டு பேரையும் இவன் கொன்னுட்டான். இவன மன்னிச்சிட்டேன்னு நான் சொல்ல மாட்டேன், சொன்னா அது பொய்யி. இவன் வெளிய வரவும் வாணாம். ஆனா தூக்கு வாணாங்கய்யா. ரெண்டு வருசமா இவன் சாவணும்னு சாமிகிட்ட கேட்டுகினு இருந்தேன். அதுல என் தம்பி பேரே எனக்கு மறந்து பூட்ச்சு. இவன் செத்தா எனக்கு ஒண்ணும் திரும்பி வராது. இவன சாவடிக்கச் சொல்லிட்டுப் போயி, நாங்க கோயில்ல கும்பிட முடியாதுய்யா."

அரசு வக்கீல் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நீதிபதி அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். தண்டனையை முடிவு செய்வது உங்கள் விருப்பமோ எங்கள் விருப்பமோ இல்லையம்மா, சட்டம்தான் என்று பொறுமையாகச் சொன்னார். மத்தியானத்துக்கு மேல் இரண்டு ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. அவள் பேச்சு அதில் எவ்வளவு சேர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, சாராளும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. போலீஸ்காரர்கள் கேசவனை வெளியே கூட்டிக்கொண்டு வந்தபோது, இத்தனை நாள் திரும்பாத மனுஷன் திரும்பி, அவள் காலைத் தொடக் குனிந்தான். சாராள் காலை இழுத்துக்கொண்டாள்.

"வுழாத. உனுக்காவ நான் சொல்லல" என்றாள்.

வேனில் திரும்பி வரும்போது யாரும் அவளோடு பேசவில்லை. சிங்கப்பெருமாள் கோயில் வந்து இறங்கியபிறகுதான் கலைவாணன் வாயைத் திறந்தார். நிபந்தனை நிறைவேறவில்லை, அதனால் பொருத்தனையும் இல்லை, சபைக்கு மணியும் போச்சு, கமிட்டியில் நான் என்ன சொல்வேன் என்றார். சொல்லும்போது அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சாராள் மெஸ்ஸைத் திறக்கப் போனாள். அந்த வாரம் முழுக்கத் தெருவில் இரண்டு கட்சி. தம்பி ரத்தத்தை விற்றுவிட்டாள் என்று ஒரு கட்சி பேசியது. அது காதில் விழுந்த அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. ஆனாலும் மறுநாள் காலை பொங்கல் எப்போதும்போல் நேரத்துக்கு இறங்கியது.

சனிக்கிழமை பாஸ்டரம்மா வீட்டுக்குப் போனாள். மணி தரப்போகிறேன், காரணம் எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். அந்தச் சபையில் யார் எதைக் காணிக்கையாகக் கொடுத்தாலும் காரணத்தைப் பீடத்திலிருந்து படித்தாக வேண்டும், அது வழக்கம். ஜெனிஃபர் எழுதி முடித்ததும் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். இதை அப்படியே படிக்கட்டுமா அக்கா என்று கேட்டாள். ஒரு எழுத்து மாற்றக் கூடாது என்றாள் சாராள்.

ஈஸ்டர் காலை. பாரிமுனையிலிருந்து வந்த மணியைப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து தண்டவாளத்துக்குப் பக்கத்துக் கிளையில் ஏற்றிக் கட்டியிருந்தார்கள். அதன் வயிற்றில் சாராளின் பெயரை ராவி எடுத்த இடம் மங்கலாகத் தெரிந்தது. அதற்கு மேலே ஏசுதாஸ் – மேரி என்று புதிதாக வெட்டியிருந்தது. கோயில் நிறைந்திருந்தது. இரண்டு கட்சியும் வந்திருந்தது. காணிக்கை நேரத்தில் ஜெனிஃபர் பீடத்திலிருந்து படித்தாள்.

"ஏசுதாஸ், மேரி நினைவாக, சகோதரி சாராள் ஒரு மணியைக் காணிக்கையாகக் கொடுக்கிறார். காரணம்: தான் கேட்டதை ஆண்டவர் கொடுக்காமல் விட்டதற்காக ஸ்தோத்திரம்."

வழக்கமாகக் காரணம் படித்ததும் சபையார் ஸ்தோத்திரம் என்பார்கள். இதற்கு என்ன சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கலைவாணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். முதல் தடவை நீங்களே அடியுங்கள் அக்கா என்று ஜெனிஃபர் சொன்னதும் சாராள் எழுந்து வெளியே போனாள். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. மரத்தடியில் வண்டிகள் நின்றன.

கயிற்றைப் பிடித்து நாலு அடி அடித்தாள். சத்தம் ரயில்வே லைனைத் தாண்டித்தான் போயிருக்கும். அதோடு நிறுத்திவிட்டாள். உள்ளே எல்லோரும் அடுத்த அடிக்குக் காத்திருந்தார்கள், அது வரவில்லை. சாராள் கயிற்றைப் பிடித்தபடி, ஒரு பூனை ஓடுகிற நேரம் சும்மா நின்றாள்.

ஜன்னலோரம் பாயில் இருந்த ஆதியம்மாளுக்கு என்ன தோன்றியதோ, யோசித்துச் சொன்னதில்லை, பழக்கத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஏ ஏசுதாசு, பூனை."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது, வாயைப் பொத்திக்கொண்டாள். கோயிலுக்குள் யாரோ சிரித்தார்கள், அப்புறம் அழுதார்கள். கலைவாணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே சாராள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மீதியை அடித்து முடித்தாள்.